ஐஸ்லாந்தை நாமளே கார் ஓட்டி ஒரு சுத்து சுத்தி வர்றது எப்படி: முதல் தடவை போறவங்களுக்கு

ஐஸ்லாந்து தீவைச் சுத்தி ஒரே ஒரு மெயின் ரோடுதான். நம்பர் 1, அவங்க மொழில ஹ்ரிங்வெகுர், அதாவது வட்ட ரோடு. மொத்தம் 1,322 கிலோமீட்டர். நாலு வழிச் சாலைல ஓட்டிப் பழகினவங்களுக்கு இது ரெண்டு நாள் வேலை மாதிரி தெரியும், மேப்ல போட்டுப் பாத்தாலும் ஏதோ பதினாறு பதினேழு மணி நேரம்னுதான் காட்டும், அந்த நம்பரைப் பாத்துட்டு அஞ்சு நாள் லீவு போட்டு டிக்கெட் எடுத்துடறவங்க நிறைய பேர். தயவுசெஞ்சு அப்படி எடுத்துடாதீங்க.

நானும் தம்பியும் அம்மாவைக் கூட்டிக்கிட்டு ஒரு செப்டம்பர் மாசம் பத்து நாள் சுத்தினோம். அம்மாவுக்கு அறுபத்தஞ்சு வயசு, முட்டி வலி உண்டு, அதனால எங்க வேகம் இயல்பாவே கம்மி, அதுதான் எங்களைக் காப்பாத்துச்சுன்னு இன்னைக்கும் சொல்லுவேன். அங்க நாளைத் தீர்மானிக்கிறது நீங்க எழுதி வச்ச இடங்களோட லிஸ்ட் இல்ல, காத்தும் வெளிச்சமும்தான். அது ரெண்டுக்கும் ஏத்த மாதிரி கிலோமீட்டரைப் பிரிச்சு, ஒரு நாளைச் சும்மா விட்டு வச்சா டிரிப் நல்லா அமையும். இதை மனசுல வச்சுக்கிட்டு மீதியைப் படிங்க.

முதல்ல மாசத்தை முடிவு பண்ணுங்க

ஜூன் கடைசில தலைநகர் ரெய்க்யவிக்ல ஒரு நாளைக்கு 21 மணி நேரம் சூரியன் இருக்கும், மீதி நேரமும் இருட்டுன்னு சொல்ல முடியாது. ராத்திரி பதினொரு மணிக்கு அருவி பாக்கலாம், கூட்டமும் இருக்காது. டிசம்பர்ல அதே ஊர்ல வெளிச்சம் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. முதல் தடவை போறவங்க, அதுவும் ஐஸ் மேல வண்டி ஓட்டிப் பழக்கமில்லாதவங்க, குளிர்காலத்துல முழு வட்டம் போக வேணாம், இதுல எனக்கு ரெண்டு கருத்தே கிடையாது. குளிர்காலம்தான் போகணும்னா ரெய்க்யவிக்ல தங்கிட்டு பஸ் டூர்ல தெற்குப் பக்கம் மட்டும் பாத்துட்டு வாங்க.

வடக்கு வெளிச்சம், அதான் அரோரா, பாக்கணும்னு ஆசை இருந்தா அதுக்காக ஜனவரி வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல. ஆகஸ்ட் கடைசில இருந்தே ராத்திரி இருட்ட ஆரம்பிச்சிடும், செப்டம்பர்ல ரோட்டுல ஐஸ் பெரும்பாலும் வந்திருக்காது, பகலும் ராத்திரியும் கிட்டத்தட்ட சரி பாதி. எங்களுக்கு ரெண்டு ராத்திரி கெடைச்சுது. பஃபின் பறவை பாக்கணும்னா மட்டும் ஆகஸ்ட் பாதிக்கு முன்னாடியே போயிடணும், அப்புறம் அதுங்க கடலுக்குப் போயிடும்.

எத்தனை நாள்

முழு வட்டத்துக்கு ஏழு நாள் ஓட்டம், பத்து நாள் நிம்மதி. அஞ்சு நாள்தான் இருக்குன்னா வட்டத்தை மறந்துடுங்க, தெற்குக் கரையோரமா யோகுல்சார்லோன்ங்கற பனிக்கட்டி மிதக்குற ஏரி வரைக்கும் போயிட்டு அதே ரோட்டுல திரும்புங்க. அதுல ஒரு குறையும் இல்ல, உண்மையில அதிகப்படி அழகு அந்தப் பக்கம்தான் நெருக்கமா இருக்கு, அரையும்குறையுமா வட்டத்தை முடிச்சுட்டு வந்தவங்களை விட நீங்க அதிகமா பாத்திருப்பீங்க.

ஒரு நாளைக்கு 200ல இருந்து 250 கிலோமீட்டர், அதுக்கு மேல பிளான் பண்ணாதீங்க. லிமிட்டே 90தான், அதுபோக பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எங்கயாவது நிறுத்தணும்னு தோணும், கண்டிப்பா தோணும். ஆனா ரோட்டு ஓரத்துல நிறுத்தக் கூடாது, நிறையப் பேர் பண்ற ஆபத்தான தப்பு இது. நிறுத்துறதுக்குன்னு ஒதுக்கின இடம் வர்ற வரைக்கும் போயிட்டே இருங்க.

எந்தப் பக்கமா சுத்துறதுன்னா, கேன்சல் பண்ணா காசு திரும்பி வர்ற மாதிரி ரூம் புக் பண்ணியிருந்தா கிளம்புறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி வானிலை பாத்து முடிவு பண்ணலாம். இல்லன்னா தெற்குல ஆரம்பிச்சு கிழக்கு, வடக்கு, மேற்குன்னு வாங்க, கீழ நான் எழுதியிருக்கறதும் அந்த ஆர்டர்தான்.

விசா, லைசென்ஸ்

ஐஸ்லாந்து ஷெங்கன்ல, அதாவது ஒரே விசால போய் வர்ற ஐரோப்பிய நாடுகள் கூட்டத்துல, சேந்த நாடு. இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வச்சிருக்கவங்க ஷெங்கன் விசா எடுக்கணும், பெரியவங்களுக்கு ஃபீஸ் 90 யூரோ, 30,000 யூரோ கவரேஜ் உள்ள டிராவல் இன்சூரன்ஸ் கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாசம் முன்னாடில இருந்து அப்ளை பண்ணலாம், சம்மர்ல அப்பாயின்ட்மென்ட் கிடைக்கிறதே கஷ்டம்ங்கறதால சீக்கிரமே பண்ணிடுங்க. போற வழில பாரிஸ்லயோ ஆம்ஸ்டர்டாம்லயோ நாலு நாள் தங்குற ஐடியா இருந்தா, எந்த நாட்டுல அதிக நாள் இருக்கீங்களோ அந்த நாட்டு வழியாத்தான் அப்ளை பண்ணணும்.

லைசென்ஸ்ல போட்டோ, நம்பர், எக்ஸ்பைரி தேதி இருந்து ஆங்கில எழுத்துல இருந்தா அங்க செல்லும். ஆனாலும் ஆர்டிஓ ஆபீஸ்ல இன்டர்நேஷனல் பர்மிட் ஒண்ணு வாங்கி வச்சுக்குங்க, கார் குடுக்குற கவுன்டர்ல சில பேர் கேக்குறாங்க, ராத்திரி ஒரு மணிக்கு ஏர்போர்ட்ல நின்னு வாதாடுற நிலைமை வேணாம். கார் எடுக்க குறைஞ்சது 20 வயசு, பெரிய ஃபோர் வீல் வண்டிக்கு இன்னும் கூடக் கேப்பாங்க. டிரைவர் பேர்லயே கிரெடிட் கார்டு இருக்கணும், அதுக்கு நாலு இலக்க பின் கண்டிப்பா தெரிஞ்சிருக்கணும், ஏன்னு பெட்ரோல் பங்க் வரும்போது சொல்றேன்.

கார் எடுக்குறது

ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் நம்பர் 1 ரோட்டுக்கு சாதாரண சின்ன காரே போதும், 2019ல இருந்து அந்த ரோடு முழுக்க தார் போட்டாச்சு. ஃபோர் வீல் டிரைவ் எப்போ தேவைன்னா எஃப்-னு ஆரம்பிக்கிற நம்பர் உள்ள மலை ரோடுகளுக்கு. தீவுக்கு நடுவுல போற ரோடு அதெல்லாம், பாலம் இருக்காது, ஆத்துக்குள்ள இறங்கித்தான் போகணும், ஜூன் பாதிக்கு மேலயோ ஜூலைலயோதான் திறப்பாங்க. சின்ன காரை எஃப் ரோட்டுல விட்டா சட்டப்படி தப்பு, இன்சூரன்ஸும் போச்சு. முதல் தடவை அதைத் தொடவே வேணாம். தண்ணி உள்ள போய் இன்ஜின் அடிச்சிடுச்சுன்னா எந்த இன்சூரன்ஸும் காசு தராது, முழு இன்ஜின் விலையும் உங்க தலைலதான்.

கியர் மாத்தி ஓட்டுறதுல நமக்குப் பிரச்சனை இல்ல, ஆனா அங்க ரோட்டோட வலது பக்கம் ஓட்டணும், ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கும், கியர் வலது கைக்கு வரும். கொஞ்சம் காசு கூடன்னாலும் ஆட்டோமேட்டிக் எடுங்க, மூளைக்கு ஒரு வேலை மிச்சம்.

இன்சூரன்ஸ்ல பேசிக் கவர் வாடகைலயே இருக்கும். அதுக்கு மேல நாலஞ்சு விதம் கேப்பாங்க. ஜல்லி தெறிச்சு கண்ணாடி உடையறதுக்கு ஒண்ணு இருக்கு, அதை எடுங்க, எதிர்ல வர்ற லாரி ஒரு கல்லைத் தூக்கிப் போட்டா போதும். மணல், எரிமலைச் சாம்பலுக்குத் தனியா ஒண்ணு இருக்கு. தெற்குல கறுப்பு மணல் பாலைவனம் மாதிரி நிறைய இடம், பெருங்காத்து அடிச்சா அந்த மணல் காரோட பெயின்டையே சுரண்டி எடுத்துடும், இது கதை இல்ல, ஒரு பக்கம் முழுக்க பெயின்ட் போய் தகரம் தெரிஞ்ச காரை நானே ஒரு பங்க்ல பாத்தேன். அதனால அதையும் எடுத்துட்டேன்னு நிம்மதியா இருந்தோம். ஆனா காத்துல கதவு பிய்ச்சுக்கிட்டுப் போறதை பெரும்பாலான இன்சூரன்ஸ் ஏத்துக்காது. இதுக்கு ஒரே வழி பழக்கம்தான், காத்தை எதிர்த்து வண்டியை நிறுத்தணும், கதவை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டே திறக்கணும், ஒரு நேரத்துல ஒருத்தர்தான் இறங்கணும். பின்னாடி உக்காந்திருக்க பெரியவங்களுக்கும் குழந்தைகளுக்கும் முதல் நாளே இதைச் சொல்லிக் குடுத்துடுங்க, இல்லன்னா வெளில இருந்து நீங்களே போய் திறந்து விடுங்க, நாங்க அம்மாவுக்கு அப்படித்தான் பண்ணோம்.

வண்டியை வாங்கும்போது சுத்தி வீடியோ எடுங்க. கூரை, நாலு வீல், கண்ணாடி, அடிப்பக்கம், டிக்கில ஸ்டெப்னி இருக்கா, எல்லாமே. எங்களுக்குக் கார் குடுத்த கம்பெனி திருப்பிக் குடுத்து ஒரு வாரம் கழிச்சு பானெட் மேல ஒரு கல் பட்ட வடுவுக்குப் பில் அனுப்புச்சு, தம்பி எடுத்த வீடியோல முதல் நாளே அந்த வடு தெரிஞ்சதால விட்டாங்க. அந்த மூணு நிமிஷ வீடியோ இல்லன்னா கட்டித்தான் ஆகணும்.

ரோட்டு விதிகள், இதை நிதானமா படிங்க

ஊருக்குள்ள 50, தார் ரோட்டுல 90, ஜல்லி ரோட்டுல 80. இது அதிகபட்சம், ஜல்லில 80ல போக முடியும்னு அர்த்தமில்ல. கேமரா இருக்கு, ஃபைன் பயங்கரம். பகல்லயும் ஹெட்லைட் எரியணும், சில வண்டில ஆட்டோ மோடுல முன்னாடி மட்டும் எரியும் பின்னாடி எரியாது, அதனால சுவிட்சை நீங்களே போட்டுடுங்க. குடிச்சுட்டு ஓட்டுறது பத்தின சட்டம் ரொம்பக் கடுமை, ஒரு பீர்னாலும் அன்னைக்கு சாவியை வேற ஆள்கிட்ட குடுத்துடுங்க.

ஒத்தைப் பாலம் நிறைய வரும். ரெண்டு வழி ரோடு திடீர்னு குறுகி ஒரு வண்டி மட்டும் போற பாலமாகும், போர்டுல எய்ன்பிரெய்த் ப்ரூன்னு எழுதியிருக்கும். யார் பாலத்துக்குக் கிட்ட முதல்ல வர்றாங்களோ அவங்க போகலாம், இன்னொருத்தர் நிக்கணும். சந்தேகம்னா நின்னுடுங்க. இன்னொரு போர்டு ப்ளிந்ஹைத், ஏத்தம் முடிஞ்சு அந்தப் பக்கம் என்ன வருதுன்னு தெரியாத மேடு, வேகத்தைக் குறைச்சு வலது ஓரமாவே போகணும். மல்பிக் என்டார்னு பாத்தீங்கன்னா தார் முடியுது, ஜல்லி ஆரம்பிக்குது, அந்த இடத்துல வேகத்தோட உள்ள போய் பிரேக்கைப் போட்டா வண்டி சறுக்கி உருண்டுடும், அங்க டூரிஸ்ட் விபத்துக்கு இது ஒரு முக்கியக் காரணம். போர்டு பாத்தவுடனே காலை எடுத்துடுங்க, ஜல்லில பிரேக்கும் ஸ்டியரிங்கும் மெதுவாத்தான்.

ரெண்டு லேன் ரவுண்டானால உள் லேன்ல இருக்க வண்டிக்குத்தான் வெளிய போக முன்னுரிமை. வேற நாட்டுல ஓட்டிப் பழகினவங்களுக்கும் இது புதுசு. ரெய்க்யவிக்ல முதல் நாளே இது வரும்.

அப்புறம் ஆடு. மே, ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் ஆட்டை மலைல அவுத்து விட்டுடுவாங்க, ரோட்டோரமா மேஞ்சிட்டு இருக்கும். தாய் இந்தப் பக்கம் குட்டி அந்தப் பக்கம் இருந்தா, நீங்க கிட்ட வரும்போதுதான் குட்டி குறுக்க ஓடும், அதைப் பாத்தாலே வேகத்தைக் குறைச்சிடுங்க. இடிச்சுட்டா சொல்லாம போகக் கூடாது, 112க்கு போன் பண்ணிச் சொல்லணும். செப்டம்பர்ல ஊரே சேந்து குதிரைல போய் ஆட்டை எல்லாம் ஓட்டிக்கிட்டு வந்து பட்டில பிரிப்பாங்க, ரெத்திர்னு பேரு. நாங்க வடக்குப் பக்கம் போனப்போ எதிர்ல நூத்துக்கணக்குல ஆடு வந்துச்சு, வண்டியை ஓரங்கட்டி அரை மணி நேரம் நின்னோம், அம்மாவுக்கு டிரிப்லயே ரொம்பப் பிடிச்ச அரை மணி நேரம் அதுதான்.

ரோட்டை விட்டு இறங்கி ஓட்டுறது எங்கயுமே குற்றம், ஒரு அடி கூட. எரிமலைக் குழம்பு மேல வளந்திருக்க பாசி ஒரு டயர் தடம் பட்டா திரும்ப வர பல பத்து வருஷம் ஆகும். காலாலயும் மிதிக்காதீங்க.

காத்து

நாலாவது நாள் காலைல நாங்க விக் ஊர்ல இருந்தோம். வானம் நல்லா தெளிஞ்சிருந்துச்சு, மழையே இல்ல, அன்னைக்கு ராத்திரி கிழக்குல இருக்க ஹோப்ன் ஊர்ல ரூம், திருப்பித் தராத புக்கிங். கெஸ்ட் ஹவுஸ் அம்மா காபி ஊத்திக்கிட்டே, இன்னைக்கு கிளாஸ்தூரைத் தாண்டிப் போகாதீங்க, மத்தியானம் மலையடிவாரத்துல காத்து இறங்கும்னாங்க. வெளில பாத்தா இலை கூட அசையல (அசையறதுக்கு மரமும் அதிகம் இல்ல). நாங்க அந்த கிளாஸ்தூர் (முழுப் பேரு கிர்க்யூபையர்கிளாஸ்தூர்) வரைக்கும் 70 கிலோமீட்டர் போனோம், அதுக்குள்ள போன்ல மஞ்சள் எச்சரிக்கை ஆரஞ்சு ஆயிடுச்சு, அதுக்கு மேல ரோட்டை மூடிட்டாங்க. ரூம் காசு போச்சு. அங்கயே ஒரு ரூம் தேடிப் பிடிச்சு, ஊர் நீச்சல் குளத்துல வெந்நீர்ல உக்காந்து பொழுதைக் கழிச்சோம். மறுநாள் போகும்போதுதான் மேல சொன்ன பெயின்ட் போன காரைப் பாத்தோம், அதுல ஒரு கண்ணாடியும் இல்ல.

அதனால தினமும் காலைலயும் மத்தியானமும் மூணு இடம் பாருங்க. வானிலைக்கு வெதுர் டாட் ஐஎஸ், ரோட்டு நிலைமைக்கு உம்ஃபெர்தின் டாட் ஐஎஸ், பாதுகாப்பு அறிவிப்புக்கு சேஃப்டிராவல் டாட் ஐஎஸ். காத்தை அவங்க செகண்டுக்கு இத்தனை மீட்டர்னு சொல்லுவாங்க. 15னா மணிக்கு 54 கிலோமீட்டர், கவனமா ஓட்டணும், கேம்பர் வேன்னா, அதாவது உள்ளயே படுத்துத் தூங்குற வண்டின்னா, அப்பவே நின்னுடலாம். 20னா 72 கிலோமீட்டர், சின்ன காரும் போகாம இருக்கறதுதான் சரி. சராசரியைப் பாக்காதீங்க, குபீர்னு அடிக்கிற வேகம் பக்கத்துல தனியா இருக்கும், மலைக்குக் கீழ அதுதான் வண்டியைத் தள்ளும். ரோடு மூடியாச்சுன்னா மூடியாச்சு, கேட்டைச் சுத்திப் போறவங்களைத் தேடிக்கிட்டு வர்றது சம்பளம் வாங்குற ஆட்கள் இல்ல, லாண்ட்ஸ்பியோர்க்ங்கற அமைப்புல இருக்க ஊர்க்கார வாலன்டியர்கள், தங்களோட வேலையைப் போட்டுட்டு உயிரைப் பணயம் வச்சு வர்றாங்க.

ஒரு நாளைச் சும்மா விடுங்கன்னு சொன்னது இதுக்குத்தான். எங்க பத்தாவது நாள்ல எதுவுமே போடாம வச்சிருந்தோம், அதைத்தான் கிளாஸ்தூர்ல செலவு பண்ணோம்.

பெட்ரோல், சாப்பாடு, தங்கறது

நிறைய பங்க்ல ஆளே இருக்க மாட்டாங்க, மெஷின்ல கார்டைச் சொருகி பின் நம்பர் போடணும், பின் இல்லாத கார்டு வேலைக்காகாது. பென்சின்னா பெட்ரோல், டீசல்னா டீசல், மூடில என்ன எழுதியிருக்குன்னு பாத்துட்டு ஊத்துங்க. கிழக்கு, வடக்குப் பக்கம் பாதி டேங்க் ஆனவுடனே நிரப்பிடுங்க, எகில்ஸ்டாதிர்ல இருந்து மீவாட்ன் வரைக்கும் 160 கிலோமீட்டருக்கு மேல, நடுவுல ஊர்னு சொல்ற மாதிரி ஒண்ணும் இல்ல.

சாப்பாடு விலை கூட, ரொம்பக் கூட. போனுஸ், க்ரோனன்னு சூப்பர் மார்க்கெட் இருக்கு, போனுஸுக்கு மஞ்சள் போர்டுல பன்னி உண்டியல் படம். அங்க அரிசி, காய்கறி, ஸ்கிர் (நம்ம கெட்டித் தயிர் மாதிரி, புளிப்பு கம்மி), ரொட்டி வாங்கிக்கிட்டு கிச்சன் இருக்க கெஸ்ட் ஹவுஸா பாத்து எடுங்க. புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, ஊறுகாய் எடுத்துட்டுப் போனா சைவக்காரங்களுக்குக் கவலையே இல்ல, ஆனா கறிலயும் பால்லயும் செஞ்சதை வெளில இருந்து கொண்டு போகக் கூடாது, கஸ்டம்ஸ்ல எடுத்துடுவாங்க. தண்ணி பாட்டில் காசு குடுத்து வாங்காதீங்க, குழாய்ல வர்ற பச்சைத் தண்ணி அவ்வளவு சுத்தம். வெந்நீர்ல முட்டை அழுகின மாதிரி ஒரு வாசம் வரும், அது கந்தகம், பூமிக்குள்ள இருந்து சூடா வர்றதால, குளிக்க ஒண்ணும் பண்ணாது.

ரூம் மூணு நாலு மாசம் முன்னாடியே, முக்கியமா ஹோப்ன், மீவாட்ன் பக்கம், ஏன்னா அங்க இருக்கறதே கொஞ்சம். கேம்பர் வேன்னா ராத்திரி கேம்ப் சைட்லதான் நிறுத்தணும், பார்க்கிங்ல தூங்குறது சட்டப்படி கிடையாது.

ஊருக்கு ஊர் வெந்நீர் நீச்சல் குளம் இருக்கு, விட்டுடாதீங்க, அலைச்சலுக்கு அதுதான் மருந்து. ஒரு விஷயம் முன்னாடியே தெரிஞ்சுக்குங்க, குளத்துல இறங்குறதுக்கு முன்னாடி நீச்சல் டிரெஸ் இல்லாம சோப்பு போட்டுக் குளிக்கணும், ஆண் பெண் தனித்தனி அறைதான், ஆனா பொது ஷவர். குளத்துல குளோரின் ரொம்பக் கம்மியாப் போடறாங்க, அதுக்காகத்தான் இந்த விதி. கூச்சமா இருந்தா தடுப்பு இருக்க ஷவர் கேளுங்க, நிறைய இடத்துல ஒண்ணு ரெண்டு இருக்கும்.

பாக்குற இடத்துலல்லாம் பார்க்கிங் ஃபீஸ் உண்டு, ஆள் நிக்க மாட்டாங்க, கேமரா நம்பர் பிளேட்டைப் படிச்சிடும், ஆப்லயோ மெஷின்லயோ கட்டணும். கட்டாம விட்டா ரென்டல் கம்பெனி வழியா சர்வீஸ் சார்ஜோட வரும்.

இனி ரூட்

முதல் நாள் வண்டியே ஓட்டாதீங்க. இந்தியால இருந்து நேரடி ஃப்ளைட் இல்ல, மாறி மாறி வந்து சேந்திருப்பீங்க. கெப்லவிக் ஏர்போர்ட்ல இருந்து ரெய்க்யவிக் 50 கிலோமீட்டர், பஸ்ல போய்த் தூங்கிட்டு மறுநாள் காலைல கார் எடுங்க. தூக்கத்துல ஓட்டுற ஆபத்தும் இல்ல, ஒரு நாள் வாடகையும் மிச்சம்.

ரெண்டாவது நாள் திங்வெட்லிர், கெய்சிர், குட்ல்ஃபோஸ். திங்வெட்லிர்ல 930ல இருந்து அவங்க பார்லிமென்ட் திறந்தவெளில கூடியிருக்கு, அதே இடத்துல பூமித் தட்டு ரெண்டும் வருஷத்துக்குக் கிட்டத்தட்ட ரெண்டு சென்டிமீட்டர் விலகிக்கிட்டே இருக்கு, அந்தப் பிளவுக்குள்ள நடந்து போகலாம். கெய்சிர்ல இப்போ வெந்நீரைப் பீச்சி அடிக்கிறது பக்கத்துல இருக்க ஸ்ட்ரொக்குர் ஊற்று, அஞ்சு பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, காத்து வர்ற பக்கமா நில்லுங்க. ராத்திரி செல்ஃபோஸ்லயோ ஹெட்லாலயோ.

மூணாவது நாள் செல்யாலாண்ட்ஸ்ஃபோஸ், ஸ்கோகாஃபோஸ், விக். ஃபோஸ்னா அருவி, யோகுல்னா பனியாறு, வாட்ன்னா ஏரி, இது தெரிஞ்சா மேப் படிக்கிறது சுலபம். செல்யாலாண்ட்ஸ்ஃபோஸுக்குப் பின்னாடி நடக்கலாம், முழுசா நனைவீங்க, மழைக்கோட்டுக்கு மேல பேன்ட்டும் வாட்டர்ப்ரூஃப் வேணும். குடையை வீட்டுலயே வச்சுட்டு வாங்க, ஒரு நிமிஷம் தாங்காது. ரெய்னிஸ்ஃபியாரா கறுப்பு மணல் கடற்கரைல மட்டும் நான் சொல்றதைக் கேளுங்க. அலை சின்னதா சின்னதா வந்துக்கிட்டே இருக்கும், திடீர்னு ஒண்ணு முப்பது நாப்பது மீட்டர் உள்ள ஏறி ஆளை இழுத்துட்டுப் போயிடும், டூரிஸ்ட் பல பேர் செத்திருக்காங்க. வாசல்ல எச்சரிக்கை விளக்கு இருக்கு, அதுல என்ன கலரோ அதுக்குத் தகுந்த தூரத்துல நில்லுங்க, கடலுக்கு முதுகு காட்டி போட்டோ எடுக்காதீங்க, குழந்தை கையை விடாதீங்க.

நாலாவது நாள் ஸ்காஃப்டாஃபெல், யோகுல்சார்லோன். போற வழில ஸ்கெய்தரார் மணல் வெளியைக் கடப்பீங்க. வட்ட ரோட்டுல கடைசியா இணைஞ்ச துண்டு இதுதான், 1974ல. அதுவரைக்கும் ஹோப்ன்காரங்க ரெய்க்யவிக் போகணும்னா தீவோட வடக்குப் பக்கமா முழுசும் சுத்தித்தான் கார்ல போகணும். பனியாத்துக்கு அடில எரிமலை வெடிச்சு 1996ல ஒரு வெள்ளம் வந்து பாலத்தையே அடிச்சுட்டுப் போச்சு, முறுக்கிக்கிட்ட இரும்பு உத்தரம் ரெண்டு ரோட்டோரமா வச்சிருக்காங்க, ரெண்டு நிமிஷம் நின்னு பாருங்க. இந்த ரோடு அங்க இருக்கறதே எவ்வளவு பெரிய விஷயம்னு அப்போ புரியும். யோகுல்சார்லோன் ஏரியே 1930கள்லதான் உருவாக ஆரம்பிச்சது, பனியாறு பின்வாங்கப் பின்வாங்கப் பெருசாகிக்கிட்டே போகுது. பனிக்கட்டி மேல ஏறி நிக்காதீங்க, அது புரளும். எதிர்ல ரோட்டைத் தாண்டினா கறுப்பு மணல்ல பனிக்கட்டி கண்ணாடி மாதிரி ஒதுங்கிக் கிடக்கும், அதையும் பாத்துட்டு 80 கிலோமீட்டர்ல ஹோப்ன்.

அஞ்சாவது நாள் கிழக்கு ஃபியார்ட் (மலைகளுக்கு நடுவுல கடல் நீளமா உள்ள வந்த இடம்) கரையெல்லாம் வளைஞ்சு வளைஞ்சு எகில்ஸ்டாதிர். இந்த இடத்துல போன் மேப் உங்களை ஓக்ஸின்னு ஒரு மலைப் பாதைல, ரோடு நம்பர் 939, திருப்பி விடும், அறுபது எழுபது கிலோமீட்டர் மிச்சம்னு காட்டும். அது செங்குத்தான ஜல்லி ரோடு, மூடுபனில ஒண்ணும் தெரியாது. கரையோரமாவே போங்க, அந்த வழிதான் அழகும் கூட. நேரம் இருந்தா சேய்திஸ்ஃபியோர்துர் ஊருக்கு இறங்கிப் பாருங்க.

ஆறாவது நாள் ஸ்தூத்லாகில், தெத்திஃபோஸ், மீவாட்ன். ஸ்தூத்லாகில் பாறைத் தூண் பள்ளத்தாக்கு முன்னாடி ஆத்துத் தண்ணிக்கு அடில இருந்துச்சு, மேல அணை கட்டினப்புறம்தான் வெளில தெரிஞ்சது. ஆகஸ்ட், செப்டம்பர்ல அணை நிரம்பி வழிஞ்சா அந்த நீலத் தண்ணி கலங்கி மண் கலர் ஆயிடும், எங்களுக்கு அப்படித்தான் கெடைச்சுது, ஜூன், ஜூலைல போறவங்க நீலத்தைப் பாத்துடுங்க. தெத்திஃபோஸுக்கு மேற்குப் பக்க ரோடு 862தான் தார், 864 ஜல்லி. 44 மீட்டர் உயரம், 100 மீட்டர் அகலம், கிட்டப் போகும்போது காலுக்குக் கீழ தரை அதிர்றது தெரியும். மீவாட்ன் பேர்லயே கொசு மாதிரி ஈ இருக்கு, ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் முகத்துக்கு வலை வாங்கிக்குங்க.

ஏழாவது நாள் கோதாஃபோஸ், அகுரேரி, வேணும்னா ஹுசாவிக் போய் திமிங்கிலம். நாடு மொத்தமும் கிறிஸ்தவத்துக்கு மாறணும்னு 1000ம் வருஷத்துல முடிவானப்போ, அந்த முடிவைச் சொன்ன தோர்கெய்ர்ங்கறவர் தன்கிட்ட இருந்த பழைய தெய்வச் சிலைகளை இந்த அருவிலதான் போட்டாருன்னு சொல்லுவாங்க, கோதாஃபோஸ்னா தெய்வங்களோட அருவி. அகுரேரிக்கு முன்னாடி 7.4 கிலோமீட்டர் டனல் ஒண்ணு வரும், டோல் பூத் கிடையாது, 24 மணி நேரத்துக்குள்ள ஆன்லைன்ல நீங்களே கட்டணும். பழைய மலைப்பாதைல போனா இலவசம், 16 கிலோமீட்டர் கூட.

எட்டு, ஒன்பது மேற்கு. அகுரேரில இருந்து ரெய்க்யவிக் நேரா வந்தா 388 கிலோமீட்டர். நாள் மிச்சம் இருந்தா ஸ்னைஃபெல்ஸ்னெஸ் தீபகற்பத்துக்குத் திரும்பி ஒரு ராத்திரி தங்குங்க, காத்துல ஒரு நாள் போயிருந்தா இதை விட்டுட்டு நேரா வாங்க, அவசரமா ஓட்டிப் பாக்க வேணாம். கடைசில கடலுக்கு அடில போற ஹ்வால்ஃபியோர்துர் டனல், 2018ல இருந்து அதுக்குக் காசு இல்ல.

பத்தாவது நாள் ஏர்போர்ட் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை சேஃப்டிராவல் பாத்துடுங்க, ஏர்போர்ட்டுக்குப் பக்கத்துல இருக்க கிரிந்தவிக் ஊர்ப் பக்கம் 2023 டிசம்பர்ல இருந்து எரிமலை பல தடவை வெடிச்சிருக்கு, ஏர்போர்ட் ரோடு பெரும்பாலும் திறந்துதான் இருக்கும், ஆனா அந்தப் பக்கத்து ப்ளூ லகூன்ங்கற வெந்நீர்க் குளத்தைத் திடீர்னு மூடிடுவாங்க, அதனால அதைக் கடைசி நாளுக்குன்னு காசு கட்டி வைக்காதீங்க. டேங்கை ரொப்பி ரசீதை போட்டோ எடுத்துக்குங்க, பார்க்கிங், டனல் பாக்கி இருக்கான்னு பாருங்க, காரைச் சுத்தி மறுபடி ஒரு வீடியோ, அப்புறம் சாவியைக் குடுங்க.